கழுத்தில் நெறி கட்டியதற்கு சியா கூ சாவ் கஷாயம்

மூன்று வாரமாகக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, வலி இல்லை, சிங்கப்பூர் சீன மருந்துக்கடையில் கொடுத்த சியா கூ சாவ் என்ற மூலிகைப் பூங்கதிரின் கஷாயத்தை மட்டும் குடித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பூங்கதிரைச் சீன வைத்தியத்தில் கழுத்துக் கட்டிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் பழைய ஏடுகள் சொல்லும் அந்தக் கட்டிகளில் பல காசநோய் நெறிகளாக இருந்திருக்கும். அதற்கு இன்று ஆறு மாத மாத்திரை இருக்கிறது. கஷாயம் அந்தக் கிருமியை ஒழிக்காது. ஆய்வகத்தில் வீக்கத்தைக் குறைப்பதாகத் தெரிவது வேறு, மனிதர்களிடம் நிரூபணமாவது வேறு. கன்னமும் தாடையும் வீங்கும் பொன்னுக்குவீங்கிக்கான சீன மூலிகைகளைப் பற்றி, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் தேடியபோதுகூட நம்பத்தகுந்த சோதனை ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம், பொட்டலத்தில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று கடையில் கேளுங்கள். ஹாய் சாவ் என்பது கடற்பாசி. அதிலுள்ள அயோடின் தைராய்டைக் குழப்பலாம். ஹுவாங் யாவ் சி என்ற காட்டுக் கிழங்கு இருந்தால் தொடவே வேண்டாம், அது சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது.

கட்டி கல் போல இருந்தாலோ, எடை குறைந்தாலோ, இரவில் உடை நனைய வியர்த்தாலோ இந்த வாரமே போய்விடுங்கள். குடித்த கஷாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.