விகிதம் 1:35 சரியாக இருந்தும் அரசு உயர்நிலைப் பள்ளியில் வகுப்பு ஏன் காலியாகக் கிடக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 6 முதல் 10 வரை 175 பேர் படிக்கிறார்கள். தலைமையாசிரியர் போக 5 பட்டதாரி ஆசிரியர்கள். 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் சரி என்கிறார்கள். ஆனால் என் மகள் தினமும் ஒன்றிரண்டு பாடவேளை சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள். யார் மேல் தப்பு?

பதில்:

விகிதத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பாடவேளையை எண்ணுங்கள்.

வகுப்புக்கு ஒரு பிரிவு என்றால் 5 பிரிவு. நாளுக்கு 8 பாடவேளை, வாரம் 5 நாள். ஆக ஒரு பிரிவுக்கு 40, பள்ளிக்கு 200. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றுக்கும் பிரிவுக்கு 7 என்று வைத்தால் ஒவ்வொரு ஆசிரியர் தலையிலும் வாரம் 35 விழும். 40-இல் 35 போனால் ஓய்வு 5, அதாவது நாளுக்கு ஒன்று. நோட்டுத் திருத்துவது, பாடக்குறிப்பு எழுதுவது எல்லாம் அந்த ஒன்றில்தான்.

இப்போது ஒருவர் விடுப்பு எடுக்கிறார். அன்று 7 வகுப்புக்கு ஆள் இல்லை. மற்ற நால்வருக்கும் ஆளுக்கு ஒரு ஓய்வுதான். அந்த நான்கும் கச்சிதமாகப் பொருந்தினால்கூட 3 வகுப்பு காலி. உங்கள் மகள் சொல்வது இதைத்தான்.

இதில் நான் சேர்க்காத 25 பாடவேளை மீதி இருக்கிறது. உடற்கல்வி, ஓவியம், கணினி, நூலகம், நன்னெறி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரை 100 பேருக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. வகுப்புக்கு 35 பேர் என்றால் உங்கள் பள்ளியில் 105 பேர் வருவார்கள், ஆகவே தகுதி இருக்கிறது. ஒரே ஒருவர் இருந்தாலும் அவருக்கு வாரம் மூன்று அரைநாள், அதிகபட்சம் 12 பாடவேளை. மீதி 13? அதுவும் அந்த ஐவர் மேல்தான்.

அந்தப் பகுதிநேர ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2012-இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 10,000 ஆவதற்கு 2021 வரை காத்திருந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் மே மாதச் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தவர்கள் அவர்கள். ஓவியமும் தையலும் பாட்டும் பிள்ளைக்கு வேண்டும் என்று பேசுகிற ஒருவரும் இவர்கள் வயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆசிரியர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பின்னூட்டம் வரும், தெரியும். வேலை செய்யாதவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐவரும் ஒரு நிமிடம் வீணாக்காமல் உழைத்தாலும் இந்தக் கணக்கு நேராகாது என்கிறேன்.

தலைமையாசிரியர் பாடம் எடுக்கலாமே என்பீர்கள். எடுப்பார். ஆனால் பள்ளியில் இளநிலை உதவியாளர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அந்தப் பணியிடம் காலி என்றால் சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகை, விலையில்லாப் பொருட்களின் வரவுப் பதிவு, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவது எல்லாம் தலைமையாசிரியரிடமும், கணினி தெரிந்த ஓர் ஆசிரியரிடமும் போகும். அந்தக் ‘கணினி தெரிந்தவர்’ பெரும்பாலும் கணித ஆசிரியராகவோ அறிவியல் ஆசிரியராகவோ இருப்பார்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், முன்னெழுத்து, பெற்றோர் பெயர், பிறந்த தேதி, புகைப்படம். ஒவ்வொன்றையும் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து தவறினால் அது மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிடும். பிறகு திருத்தத்துக்குப் பிள்ளை அலைய வேண்டும். இதை வகுப்பு நடத்திக்கொண்டே ஒரு ஆசிரியர் செய்தால் ஒன்று பட்டியல் கெடும், இல்லை வகுப்பு கெடும்.

ஆய்வக உதவியாளர் இல்லாததும் இப்படித்தான். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். மின்தடை எண் காணும் சோதனைக்கு மின்கலம் வடிந்திருக்கிறதா, இணைப்பு முனை துருப்பிடித்திருக்கிறதா, அம்மீட்டர் முள் நகர்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் 45 நிமிடத்தில் பாதி அந்த வேலையிலேயே போய்விடும். ஆசிரியர் தானே செய்து காட்டிவிட்டு எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவார்.

காகிதத்தில் எல்லாம் நிரம்பியிருப்பதாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் அடிக்கடி இருக்கும். ஒன்று மாற்றுப்பணி: சம்பளம் இந்தப் பள்ளியில், வேலை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ. இன்னொன்று நீண்ட விடுப்பு. மகப்பேறு விடுப்பு 2021 முதல் ஓராண்டு. அது நியாயமான உரிமை, அதைக் குறை சொல்லாதீர்கள். குறை என்னவென்றால், அந்த ஓராண்டும் பணியிடம் ‘நிரம்பியதாகவே’ கணக்கில் நிற்கும். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோதும் கணக்கு காலிப் பணியிடத்தை வைத்துத்தான்.

ஆகவே தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான்கு எண்ணைக் கேளுங்கள்: ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, சம்பளம் வாங்குபவர் எத்தனை, மாற்றுப்பணியில் எத்தனை, நீண்ட விடுப்பில் எத்தனை. ஆசிரியருக்குத் தனியாக, அலுவலகப் பணியாளருக்குத் தனியாக. தீர்மானமாக எழுதி முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். வாய்ச்சொல் கோப்பில் ஏறாது. எண் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அதே நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையைத்தான் எடுக்கிறார்கள். அதனால் ஜூன் மாதமே தொடங்கிவிடுங்கள்.