கேளுங்க சொல்றேன்: பெஞ்சுல குந்தியிருக்குற ரெண்டாவது ஆளு

போன இதழ்ல அமெரிக்கா பேஸ்பால் பத்தி நாலு வரி தான் எழுதினேன், அதுக்கு வந்த லெட்டர பாத்தா நம்ம கடலூர் புதுச்சேரி பக்கம் பாதி வீட்டு பிள்ளைங்க அங்க தான் இருக்குது போல. நெறைய பேரு 'பெஞ்ச் கோச்னா யாரு'ங்குற ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க, அதனால இந்த தடவ முழுசும் அது தான்.

சார், நான் நெல்லிக்குப்பம், ரிட்டயர்டு. பொண்ணு நியூ ஜெர்சில இருக்கா, ஆறு மாசம் போய் இருந்துட்டு வந்தோம். மாப்ள ஒரு நாள் யாங்கீஸ் மேட்ச்சுக்கு கூட்டிட்டு போனாரு. மேனேஜர் பக்கத்துலயே ஒருத்தர் மூணு மணி நேரமும் கையில ஒரு அட்டைய வச்சு பாத்துக்கிட்டே நின்னாரு. யாருனு கேட்டா பெஞ்ச் கோச்னாரு மாப்ள. பெஞ்ச தேய்க்கிறதுக்கு ஒரு கோச்சா? இல்ல மேனேஜருக்கு ஒத்து ஊதுற ஆளா?

ஒத்து ஊதுறவரானு கேட்டீங்க பாருங்க, அந்த ஆளு ஒத்து ஊத ஆரம்பிச்சா அன்னைக்கே அவரு வேலைக்கு ஆக மாட்டாரு சார். மேனேஜர் ஒண்ண முடிவு பண்ண போறாருனா அவரு காதுகிட்ட போய் "வேணாம், இன்னொரு பேட்டர் பாத்துட்டு மாத்தலாம்"னு சொல்றதுக்குனே வச்சிருக்குற ஆளு அவரு. சொல்லுவாரு, மேனேஜர் கேட்டா கேக்கலாம் கேக்காமலும் போலாம், அப்புறம் மேட்ச் தோத்தாலும் "நான் தான் அப்பவே சொன்னேனே"னு பேப்பர்காரங்ககிட்ட வாய தொறக்க கூடாது.

மொதல்ல பேர் கொழப்பத்த தீத்துருவோம். நம்ம கிரிக்கெட்ல மேனேஜர்னா ரூம் புக் பண்றவரு. பேஸ்பால்ல மேனேஜர் தான் தலைமை, யார் ஆடணும் யாரு வெளிய வரணும்னு எல்லாம் அவரு கையில. அவருக்கு கீழ பேட்டிங்குக்கு ஒருத்தர், பிட்சிங்குக்கு (அதாவது பந்து வீசுறதுக்கு) ஒருத்தர், முதல் பேஸ் மூணாவது பேஸ் (ஓடுறவன் தொட்டு நிக்கிற எடம்) பக்கத்துல நின்னு ஓடு நில்லுனு கை காட்ட ஆளுக்கு ஒருத்தர். பெஞ்ச் கோச்சுக்கு மட்டும் இப்படி தனி டிபார்ட்மென்ட்டு கெடயாது, மேனேஜருக்கு அடுத்த ஆளு அவரு தான், ஆட்டம் பூரா அவரு பொறுப்பு.

இப்ப அந்த அட்டைக்கு வரேன். அதுல ரெண்டு டீம் ஆளுங்க பேரும் இருக்கும். பேஸ்பால்ல ஒருத்தன வெளிய எடுத்தா எடுத்தது தான், அன்னைக்கு திரும்ப உள்ள வரவே முடியாது. டீம்ல மொத்தம் 26 பேரு, அதுல 13 பேரு பிட்சர், 9 பேரு அடிக்கிற வரிசைல, ஆக பெஞ்சுல மிஞ்சுறது வெறும் 4 பேரு தான் (பிட்சர்லயும் நேத்து வீசினவன் நாளைக்கு வீச போறவன்லாம் கழிச்சு தான் கணக்கு). அந்த நாலுல ஒருத்தன ஏழாவது இன்னிங்ஸ்லயே (மொத்தம் ஒம்பது) செலவு பண்ணிட்டா ஒம்பதாவதுல கேட்சருக்கு, பேட்டருக்கு பின்னாடி குந்தி பந்து புடிக்கிறவனுக்கு, அடிபட்டா யாரு போய் உக்காருவா? இது மாதிரி யோசிச்சு ஒவ்வொரு பேரா பேனால அடிச்சுக்கிட்டே வரணும். நம்ம பக்கம் மட்டும் இல்ல, எதிர் டீம்ல இன்னும் எந்த இடதுகை பேட்டர் மிச்சம் இருக்கான்னும் தெரியணும், ஏன்னா 2020லேருந்து ஒரு பிட்சர உள்ள கொண்டாந்தா அவன் கொறஞ்சது 3 பேட்டருக்கு வீசணும் இல்ல அந்த இன்னிங்ஸ் முடியணும்னு ரூல், ஒரே ஒரு ஆள பாத்து கொண்டாந்துட்டு அடுத்த ஆள்கிட்ட மாட்டிக்க கூடாது. பிட்சர்கிட்ட நடந்து போய் பேசுறதுக்கும் கணக்கு இருக்கு, 2024லேருந்து ஒரு மேட்ச்சுக்கு 4 தடவ தான்.

இன்னொண்ணு சொல்றேன், மூணாவது பேஸ்ல எதிராளி நிக்கிறான், இன்னும் ரெண்டு அவுட் ஆகலனு வைங்க. உள்வட்டத்துல நிக்கிற நாலு ஃபீல்டர்ங்கள முன்ன கூப்புடணுமா பின்னயே நிறுத்தணுமா? முன்ன வந்தா ரன்ன தடுக்கலாம், ஆனா பந்து சந்துல புகுந்து ஓடிடும். பின்ன நின்னா ஒரு அவுட்டு கெடைக்கும், ரன்னு போயிடும். பந்து வீசுறதுக்கு நடுவுல இருக்குற சில நொடில அத முடிவு பண்ணி டக்-அவுட் (டீம் உக்கார்ற எடம்) கம்பிய புடிச்சுக்கிட்டு கை காட்டுற ஆளு நெறைய டீம்ல இவரு தான். உங்க மாப்ள பக்கத்துல நீங்க பாப்கார்ன் சாப்பிட்டப்ப இவ்ளோ நடந்துருக்கு.

எனக்கு இது புரிஞ்சது பேஸ்பால் பாத்து இல்ல சார். சின்ன வயசுல எங்க ஊரு கபடி டீமுக்கு நான் தண்ணி பாட்டில் தூக்குற பையன், தேவனாம்பட்டினம் பக்கம் ராத்திரி மேட்ச், நாலு மூங்கில்ல லைட்டு கட்டியிருப்பாங்க. எங்க கோச் கோட்டு ஓரமா நின்னு கத்திக்கிட்டே இருப்பாரு, அவரு காலடில ஒரு பெரியவரு மணல்ல குந்திக்கிட்டு வேர்க்கடல உரிச்சு சாப்பிடுவாரு, தொலிய எடுத்து எண்ணி எண்ணி வரிசையா வப்பாரு. சாப்பிடுறதுக்கு எதுக்குடா வரிசைனு நான் நெனச்சுப்பேன். அப்புறம் தான் தெரிஞ்சுது, எதிர் டீம்ல பாட வர்றவன் எடது பக்கம் திரும்புறப்ப ஒரு தொலி மேல, வலது பக்கம் திரும்புறப்ப கீழ. பாதி ஆட்டம் முடிஞ்சதும் கோச் வேட்டி நுனிய இழுத்து "அண்ணே, இவன் மூணு தடவைக்கு ஒரு தடவ தான் வலது பக்கம் வரான், அடுத்தது அது தான், ஓரத்து பையன நகர சொல்லுங்க"னாரு. கோச் கேக்கல. அடுத்த பாட்டுல அவன் வலது பக்கம் வந்து ஓரத்து பையன தொட்டுட்டு போய்ட்டான். பெரியவரு ஒண்ணும் பேசல, இன்னொரு கடலைய எடுத்து உரிச்சாரு. அவரு தான் நான் பாத்த மொத பெஞ்ச் கோச்.

அட்டை அட்டைனு சொல்றீங்களே, அதுல தப்பா எழுதிட்டா என்ன ஆகும்? (முத்தியால்பேட்டை வாசகி)

சூப்பர் கேள்விம்மா. 2009 மே 17, டாம்பா பே ரேஸ் டீம் க்ளீவ்லண்ட் கூட ஆடுறாங்க. ரேஸ் அம்பயர்கிட்ட குடுத்த அட்டைல மூணாவது பேஸ் ஃபீல்டர்னு ரெண்டு பேரு, லாங்கோரியாவும் ஸோப்ரிஸ்டும். லாங்கோரியா பேட்டிங் மட்டும் பண்ற ஆளா (பிட்சருக்கு பதிலா அடிக்க வர்றவரு) இருந்திருக்கணும், எழுதுறப்ப தப்பாயிடுச்சு. எதிர் டீம் அத கண்டுபுடிச்சு அம்பயர்கிட்ட சொல்ல, லாங்கோரியா வெளிய, பேட்டிங் மட்டும் பண்ற ஆளு வசதியும் போச்சு, அவருக்கு பதிலா மூணாவது எடத்துல பிட்சர் சோனன்ஸ்டைன் பேட்ட தூக்கிக்கிட்டு வரணும். ரேஸ் ஆடுற அமெரிக்கன் லீக்ல அப்ப பிட்சர்ங்க பேட்ட தொடுறதே அபூர்வம். அந்த மனுஷன் வந்து டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடுற அடி) அடிச்சு ரன் எடுத்து குடுத்து, ரேஸ் 7-5னு ஜெயிச்சே ஜெயிச்சாங்க! மேனேஜர் ஜோ மேடன் தப்பு தன்னோடதுனு ஒத்துக்கிட்டாரு. இந்த மேடனே அதுக்கு முன்னாடி ஏஞ்சல்ஸ் டீம்ல பல வருஷம் பெஞ்ச் கோச்சா இருந்தவரு தான்ங்குறது இன்னும் வேடிக்க. ஜெயிச்சதால சிரிச்சுட்டாங்க, தோத்திருந்தா கத வேற.

மேனேஜர அம்பயர் வெளிய அனுப்பிட்டா? (திருப்பாதிரிப்புலியூர்)

அப்ப பெஞ்ச் கோச் தான் மேனேஜர். அட்லான்டா டீம் பாபி காக்ஸ் மாதிரி 160 தடவைக்கு மேல வெளிய போன மேனேஜருக்கு பெஞ்ச் கோச்சா இருக்குறவரு தயாராவே இருக்கணும். சட்டப்படி வெளிய போனவரு டக்-அவுட் பக்கமே தலை காட்ட கூடாது. 1999 ஜூன்ல நியூயார்க் மெட்ஸ் மேனேஜர் பாபி வேலன்டைன் என்ன பண்ணாரு தெரியுமா, வெளிய அனுப்புனதும் உள்ள போய் கறுப்பு கண்ணாடி போட்டு, ஒட்டு மீசை வச்சுக்கிட்டு திரும்ப டக்-அவுட் ஓரமா வந்து நின்னுட்டாரு. கேமரா விடுமா? 5000 டாலர் ஃபைன், 2 மேட்ச் சஸ்பெண்ட். பெஞ்ச் கோச்ச நம்பாதவங்களுக்கு இது தான் கதி.

ஆனா அதே 1999ல இன்னொரு விஷயம் நடந்துச்சு, எனக்கு அது தான் பெருசு. யாங்கீஸ் மேனேஜர் ஜோ டோரிக்கு சீசன் ஆரம்பிக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடி ப்ராஸ்டேட் கேன்சர்னு தெரிஞ்சுது. பெஞ்ச் கோச் டான் ஜிம்மர் தான் டீம பாத்துக்கிட்டாரு, அவருக்கு அப்ப 68 வயசு, முட்டி வலி வேற. மொத 36 மேட்ச், 21 ஜெயிச்சாரு 15 தோத்தாரு. டோரி தேறி வந்ததும் மறுபடி பழைய எடத்துல போய் குந்திட்டாரு. இப்ப ரெக்கார்ட எடுத்து பாத்தீங்கனா அந்த 21 வெற்றியும் டோரி பேர்ல தான் இருக்கு. அந்த வருஷம் யாங்கீஸ் வேர்ல்ட் சீரிஸும் (அங்க அது தான் ஃபைனல்) ஜெயிச்சாங்க. அந்த சீசன் கடைசில ஒரு மேட்ச்சுல டக்-அவுட்ல இருந்த ஜிம்மர் மேல பந்து பட்டுடுச்சு, மனுஷன் அடுத்த மேட்ச்சுக்கு மிலிட்டரி ஹெல்மெட்ட போட்டுக்கிட்டு வந்து அதே எடத்துல உக்காந்தாரு. தலையில அடிபட்டு சாவ தொட்டுட்டு வந்தவருங்க அவரு, 1953ல ஆடுறப்ப பந்து பட்டு ரெண்டு வாரம் கிட்ட நெனவு இல்லாம கெடந்தவரு.

எல்லாரும் பழைய எடத்துக்கே திரும்பணும்னும் இல்ல. 2022 ஜூன்ல ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 22 வெற்றி 29 தோல்வினு தள்ளாடிட்டு இருந்தாங்க, மேனேஜர தூக்கிட்டு பெஞ்ச் கோச் ராப் தாம்சன உக்கார வச்சாங்க. அதே டீம், பெருசா எதுவும் மாறல, நேரா வேர்ல்ட் சீரிஸ் வர போய்ட்டாங்க. அங்க போய் ஹூஸ்டன்கிட்ட தோத்தாங்கங்குறது வேற.

பெஞ்ச் கோச் நல்லவராவே இருப்பாரா? ஒரே புகழா பாடுறீங்களே. (பெயர் வேண்டாம், லாஸ்பேட்டை)

நியாயம். 2017 ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கதைய சொல்லிடுறேன். எதிர் டீம் கேட்சர் பிட்சருக்கு விரல்ல காட்டுற சிக்னல கேமரா வச்சு ஒரு மானிட்டர்ல பாத்து, டக்-அவுட் பக்கத்துல குப்ப தொட்டிய தட்டி பேட்டருக்கு அடுத்த பந்து என்னனு சொன்னாங்க. 2020 ஜனவரில லீக் விசாரணை ரிப்போர்ட் வந்துச்சு, அதுல பெஞ்ச் கோச் அலெக்ஸ் கோராவுக்கு பெரிய பங்குனு இருந்துச்சு. மேனேஜர் ஹின்ச்சுக்கு அது புடிக்கல, அந்த மானிட்டர ரெண்டு தடவ ஒடைச்சிருக்காரு, ஆனா நிறுத்துனு வாய தொறந்து சொல்லல. ரெண்டு பேருக்கும் 2020 சீசன் பூரா தடை, டீமுக்கு 50 லட்சம் டாலர் ஃபைன். காதுல போய் வேணாம்னு சொல்ல வேண்டிய ஆளே ஆரம்பிச்சு வச்சா, மேனேஜரும் கம்முனு இருந்தா, அப்ப யாரு தான் சொல்றது?

அங்கிள், நான் +1 படிக்கிறேன், ஸ்கூல் சாஃப்ட்பால் டீம்ல எப்பவும் சப்ஸ்டிட்யூட் தான். எனக்கு இந்த வேல கெடைக்குமா? (மஞ்சக்குப்பம்)

தம்பி, ஜிம்மரோட பேட்டிங் சராசரி .235, பெருசா ஒண்ணும் கெடயாது. மேடனும் தாம்சனும் மேஜர் லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடுனதில்ல, கீழ் லெவல்ல ஆடி அப்படியே கோச்சிங் பக்கம் வந்தவங்க. பெஞ்சுல இருக்கோம்னு ஃபோன நோண்டாம ஒரு நோட்டு எடுத்துக்கோ, எதிர் டீம் பொண்ணோ பையனோ யாரு மொத பந்துலயே பேட்ட வீசுறாங்க, யாரு ரெண்டாவது பேஸ்க்கு திருட்டு ஓட்டம் ஓடுறாங்கனு எழுது. உங்க பி.டி. சார் கேட்டா சொல்லு. கேக்கலனா, ஒரு தடவ மெதுவா நீயே சொல்லி பாரு, திட்டுனா எனக்கு எழுது. மேட்ச் பாக்கணும்னா அங்க ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறது கோடைல நமக்கு விடிகால நாலரை, எக்ஸாம் நேரத்துல வேணாம்.

நம்ம பாண்டிச்சேரி பெத்தாங்க் (இரும்பு குண்டு வீசுற) ஆட்டத்துக்கு பெஞ்ச் கோச் வேணுமா சார்? (ஒரு பழைய ஆட்டக்காரர்)

வேணாம்ங்க, ஏற்கனவே இருக்காங்க. சாயங்காலம் ஆடுற எடத்துக்கு போய் பாருங்க, ஆடுறவங்க ஆறு பேரு, மரத்தடி திண்டுல பத்து பெரியவங்க, ஒவ்வொரு குண்டு விழுறப்பயும் "அவன் சொன்னா கேக்க மாட்டான்"னு பத்து பேரும் ஒரே நேரத்துல சொல்லுவாங்க. ஒருத்தர் கையிலயும் அட்டை மட்டும் இல்ல.