சிவப்பு மை பதிவுகளால் வெளியேற்றப்பட்டவர் ஓய்வூதியம் கேட்க முடியுமா?

கேள்வி: தரைப்படையில் 14 ஆண்டு 2 மாதம் சிப்பாயாக இருந்தேன். விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பியதற்காக மூன்று, குடித்திருந்ததற்காக ஒன்று என நடத்தைப் பதிவேட்டில் நான்கு சிவப்பு மை பதிவுகள் (பெரிய தண்டனைகளைச் சிவப்பு மையில் குறிப்பவை) விழுந்ததால் கடந்த ஆண்டு வெளியேற்றிவிட்டார்கள், ஓய்வூதியம் இல்லை. 60,000 ரூபாய் கொடுத்தால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள காரணத்தையே மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். புத்தகத்தில் எழுதியிருப்பதன் மூலப் பதிவு உங்கள் ரெக்கார்டு அலுவலகத்தில் இருக்கிறது. புத்தகத்தை மட்டும் திருத்துவது போலி ஆவணம் தயாரிப்பதாகும். பிடிபட்டால் வழக்கு தரகர் மேல் மட்டுமல்ல, உங்கள் மேலும் வரும். என்னிடம் வந்த ஒருவரின் புத்தகத்தில் காரணம் எழுதிய வரி மட்டும் பிளேடால் சுரண்டப்பட்டு, தாள் அந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. நியாயமான வழக்கு வைத்திருந்தவர் அவர். அந்த ஒரு வரியே அவரைக் கெடுத்தது.

உங்கள் நிலையில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. நீங்கள் பணிநீக்கம் செய்யப்படவில்லை, ராணுவ விதி 13-இன் கீழ் வெளியேற்றப்பட்டிருக்கிறீர்கள். பணிநீக்கம் என்றால் ஓய்வூதிய உரிமையே போய்விடும். நான்கு சிவப்பு மை பதிவு விழுந்தால் வெளியேற்றியே ஆக வேண்டும் என்று படைப்பிரிவுகளில் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. அது தவறு. ராணுவத் தலைமையகம் 1988 டிசம்பர் 28-இல் அனுப்பிய கடிதமே, அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்றும், முதலில் பூர்வாங்க விசாரணை நடத்த வேண்டும் என்றும், ஒவ்வொரு பதிவும் எந்தக் குற்றத்துக்காக விழுந்தது என்று பார்க்க வேண்டும் என்றும், ஓய்வூதியத் தகுதியை நெருங்கியவரிடம் கடுமை காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த விசாரணையே நடக்காத வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் வெளியேற்றத்தை ரத்து செய்து, ஓய்வூதியத்துக்குத் தேவையான காலம் வரை அவர் பணியில் இருந்ததாகவே கருதச் சொன்னது. இடைப்பட்ட காலத்துக்கான சம்பளத்தை மட்டும் மறுத்தது. அதற்காகத் தீர்ப்பு எல்லோருக்கும் சாதகமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மீண்டும் மீண்டும் தவறு செய்தவரின் வெளியேற்றத்தை அதே நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு விசாரணை நடந்ததா, ஏன் வெளியேற்றக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸுக்கு நீங்கள் எழுதிய பதிலை யாராவது பரிசீலித்தார்களா என்பதுதான் வழக்கின் உயிர்.

அடுத்தது சேவைக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனெனில் தரகர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. சிப்பாய்க்கு ஓய்வூதியத் தகுதி 15 ஆண்டு. உங்களுக்குக் குறைவது பத்து மாதம். 12 மாதம் வரையிலான குறையை மன்னிக்க உரிய அதிகாரிக்கு விதியில் இடமுண்டு. சொந்த விருப்பத்தில் வெளியேறியவர்களுக்கு அது மறுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அப்படி வெளியேறவில்லை. ஆனால் 14 ஆண்டு 2 மாதம் என்பது நாட்காட்டிக் கணக்கு. விடுப்பு தாண்டி வெளியே இருந்த நாட்களும் சிறைத் தண்டனை அனுபவித்த நாட்களும் பொதுவாகத் தகுதிச் சேவையில் சேராது. மூன்று முறை தாமதமாக வந்த உங்களுக்கு அந்த நாட்கள் கூட்டினால் எழுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை பத்து மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தைத் தாண்டிவிடும், மன்னிப்பு கேட்கும் வழியே அடைபட்டுவிடும். வெளியேற்ற உத்தரவையே எதிர்ப்பதா, குறையை மன்னிக்கக் கேட்பதா, இரண்டையும் சேர்த்துக் கேட்பதா என்பது இந்த எண்ணைப் பொறுத்தது.

காலக்கெடுவிலும் ஏமாற்றுவார்கள். ஓய்வூதிய வழக்குக்குக் காலவரம்பே கிடையாது என்பார்கள். வர வேண்டிய ஓய்வூதியம் மாதாமாதம் மறுக்கப்படும்போதுதான் அந்த வாதம் நிற்கும். ஒருமுறை பிறப்பிக்கப்பட்ட வெளியேற்ற உத்தரவுக்கு அது அப்படியே பொருந்தாது. படையினரின் பணி, ஓய்வூதிய வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தில், இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தாமதமானால் காரணத்தை விளக்கித் தனியாகப் பொறுத்தருளும் மனு போட வேண்டும். மேலதிகாரிகளுக்கு மனு மேல் மனு அனுப்பிக்கொண்டே இருந்தால் காலம் புதுப்பிக்கப்படாது. ஒரு மனு அனுப்பி ஆறு மாதம் பதில் வராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆறு மாதம்! பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நிற்பவருக்கு "கோப்பு பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரியைக்கூட எழுதாத அலுவலகங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

நடத்தைப் பதிவேடு, ஷோ காஸ் நோட்டீஸ், உங்கள் பதில், விசாரணை அறிக்கை, தகுதியில் சேராத நாட்களின் கணக்கு ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ரெக்கார்டு அலுவலகத்திடம் இந்த வாரமே கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞரை வைத்துக்கொண்டால் கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை மட்டும் எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.