சிமேக் (சி++ ப்ராஜெக்ட்டுகளை பில்டு செய்ய உதவும் கருவி) கேள்வி பதில்: வெளி லைப்ரரிகளை எப்படிக் கட்டி மேய்ப்பது?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுறேன் சார். என் உபுண்டுல பில்டு ஆகுது, பட்டறை விண்டோஸ்ல டேட்டாபேஸ் லைப்ரரி எஸ்கியூலைட்டைக் காணோம்னு நின்னுடுது. சிமேக் ஃபைல்லயே சி டிரைவ் பாதையை எழுதிடலாமா?

எழுதாதீர்கள். அடுத்த கம்ப்யூட்டரில் அதே இடத்தில் உடையும். உபுண்டுவில் எஸ்கியூலைட்டின் டெவ் பேக்கேஜை என்றைக்கோ ஆப்ட்டில் போட்டிருப்பீர்கள், அதனால் அங்கே கிடைக்கிறது. சிமேக்கின் ஃபைண்ட்_பேக்கேஜ் கட்டளை கம்ப்யூட்டரில் இருப்பதைத் தேடத்தான் செய்யும், இறக்கித் தராது. இறக்கித் தர விசிபேக்கேஜ் (vcpkg) என்ற கருவி இருக்கிறது. ப்ராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரில் விசிபேக்கேஜ்.ஜேசன் என்று ஒரு ஃபைல் வைத்து, அதில் எஸ்கியூலைட்3 என்று ஒரு வரி எழுதி, சிமேக்குக்கு விசிபேக்கேஜின் டூல்செயின் ஃபைலை (இரண்டையும் இணைக்கும் அமைப்பு ஃபைல்) காட்டிவிட்டால், விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும் கான்ஃபிகர் (பில்டுக்கு முந்தைய தயாரிப்பு) செய்யும்போதே அது சோர்ஸை இறக்கி பில்டு செய்துகொள்ளும். ஆனால் டூல்செயினை முதல் கான்ஃபிகரிலேயே கொடுத்தாக வேண்டும். பழைய பில்டு ஃபோல்டரில் பிறகு சேர்த்தால் எடுபடாது, ஃபோல்டரை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள் (சிமேக் 3.24 முதல் ஃப்ரெஷ் ஆப்ஷனே இருக்கிறது). இதில் நான் ஒரு முழுப் பகலைத் தொலைத்திருக்கிறேன். அப்புறம், விண்டோஸில் வழக்கமான ட்ரிப்லெட்டில் (எந்த பிளாட்ஃபார்முக்கு, எப்படி பில்டு செய்வது என்ற அமைப்பு) டிஎல்எல்தான் வரும், பட்டறைக்கு எக்ஸியோடு அதையும் எடுத்துப் போங்கள்.

ஏற்காடு வாசகர்: இங்க மழை வந்தா நெட் போயிடும். லைப்ரரி சோர்ஸை இறக்குற சிமேக்கோட ஃபெட்ச்கன்டென்ட் ஒவ்வொரு தடவையும் கிட்ஹப்பைத் தேடிப் போகுது.

கிட் டேக் இடத்தில் மெயின் என்று பிராஞ்ச் பெயர் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் புதிதாக ஏதும் வந்ததா என்று பார்க்க, கான்ஃபிகர் செய்யும்போதெல்லாம் நெட்டுக்குப் போகும். முழு கமிட் ஹாஷை (அந்தக் குறிப்பிட்ட வெர்ஷனின் அடையாள எண்) போடுங்கள், அது ஏற்கெனவே கையில் இருந்தால் நெட்டைத் தேடாது. டேக்கை (வெர்ஷனுக்கு இடும் பெயர்) அந்த லைப்ரரியில் எழுத உரிமை உள்ளவர்கள் நகர்த்திவிட முடியும், ஹாஷை முடியாது, அதனால் பாதுகாப்புக்கும் இதுவே சரி. பில்டு ஃபோல்டரை அடிக்கடி அழிப்பவர் என்றால், லைப்ரரியை வெளியே ஒரு தடவை க்ளோன் செய்து, ஃபெட்ச்கன்டென்ட்_சோர்ஸ்_டிர் என்பதோடு அந்த லைப்ரரியின் பெயரையும் பெரிய எழுத்தில் சேர்த்து அந்தப் பாதையைக் கொடுத்துவிடுங்கள். மலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அம்மாப்பேட்டை மாணவி: விண்டோஸ் டீபக்ல எல்என்கே2038 லிங்கர் பிழை வருது, ரிலீஸ்ல வரல. ஏன் சார்?

ரிலீஸுக்கு பில்டு செய்த லைப்ரரியை டீபக்கில் இணைக்கிறீர்கள். விஷுவல் சி++ இரண்டுக்கும் வேறு வேறு ரன்டைம் வைத்திருக்கிறது, கலக்கக் கூடாது. விசிபேக்கேஜ் இரண்டு வகையையும் பில்டு செய்து தரும்.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்: விசிபேக்கேஜா, அதே மாதிரி இன்னொரு கருவியான கோனனா?

நாலைந்து பேர் டீம் என்றால் விசிபேக்கேஜ் என்பேன். பில்டு செய்த பைனரிகளைச் சொந்த சர்வரில் வைத்துப் பல டீம்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால், 2023இல் வந்த கோனன் 2 நல்லது. ஒரே ப்ராஜெக்ட்டில் இரண்டையும் கலக்காதீர்கள். எதை எடுத்தாலும் வெர்ஷனைப் பூட்டி, அந்த ஃபைலை கிட்டில் ஏற்றுங்கள்: விசிபேக்கேஜில் பில்ட்இன் பேஸ்லைன், கோனனில் லாக்ஃபைல். பேஸ்லைன் போடாமல் விட்டால் அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும் விசிபேக்கேஜ் எந்தத் தேதியில் இறக்கியதோ அந்த வெர்ஷன்தான் வரும், என்னிடம் ஓடுவது உங்களிடம் ஓடாது.