450 ரூபாய் புத்தகமா, இலவச பிடிஎஃப்பா?

கேள்வி: சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பி.காம். மாணவர்களுக்கு வணிகப் புள்ளியியல் எடுக்கிறேன். உள்ளூர்ப் பதிப்பகம் ஒன்றின் 450 ரூபாய் புத்தகத்தை எல்லோரையும் வாங்கச் சொல்லும்படி துறைத் தலைவர் கூறுகிறார். ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் இதே பாடத்துக்கு ஆங்கில நூல் இலவசமாகக் கிடைக்கிறது. என் மாணவர்களில் பாதிப் பேர் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். எதைப் பரிந்துரைப்பது? இலவச நூலை அச்செடுத்துக் கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: சட்டத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் கடைசி மூன்று ஆண்டு வினாத்தாள்களை எடுத்து மேசையில் விரியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அந்த இலவச நூலில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு வரைக்கும் வண்டி நன்றாக ஓடும். விளக்கம் நம் ஊர்ப் புத்தகங்களைவிடத் தெளிவாகவே இருக்கும். விலைவாசி ஏற்ற இறக்கத்தை அளக்கும் குறியீட்டு எண்கள் வந்ததும் நின்றுவிடும். ஓப்பன்ஸ்டாக்ஸின் வணிகப் புள்ளியியல் நூலில் 13 அத்தியாயங்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி நிகழ்தகவும் கருதுகோள் சோதனையும்தான். நம் பி.காம். தாளில் தவறாமல் வருகிற லாஸ்பியர், பாசி, ஃபிஷர் என்ற குறியீட்டு எண் சூத்திரக் கணக்குகளை அதில் தேடாதீர்கள். காலத்தொடரில், அதாவது ஆண்டுவாரியான புள்ளிவிவரங்களில், நகரும் சராசரி காண்பதும் அப்படித்தான். அது நூலின் குறை இல்லை. ஹூஸ்டனில் இருக்கும் ரைஸ் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை மனதில் வைத்துத் தயாரித்த நூல் அது.

விட்டுப்போன இரண்டு பகுதிகளும் எங்கே இருக்கின்றன தெரியுமா? தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகத்தில். பயன்பாட்டுப் புள்ளியியல் என்ற பாடத்தில் காலத்தொடரும் குறியீட்டு எண்களும் எடுத்துக்காட்டுக் கணக்குகளோடு இருக்கின்றன. தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு, இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் மாணவர்களில் சிலர் வீட்டுப் பரணில் அந்தப் புத்தகமே கிடக்கும். தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளைக்கு 'வெயிட்டட் அக்ரிகேட்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்தால் ஒன்றும் ஏறாது. இந்தப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைத் தமிழில் படிக்கச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்ப் பாருங்கள்.

இப்போது சட்டம். இலவசம் வேறு, திறந்த உரிமம் வேறு. நான் பார்த்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி வெளியிட்ட பதினொன்றாம் வகுப்புப் புள்ளியியல் நூலில் குறியீட்டு எண்கள் பற்றி அருமையான பாடம் இருக்கிறது. பிடிஎஃப்பை யாரும் இறக்கலாம். ஆனால் மறுவெளியீடு செய்யக் கூடாது என்று பக்கத்துக்குப் பக்கம் அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். காசு கேட்கவில்லை என்பதால் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று ஆகாது. அரசுப் பாடநூலும் அப்படியே. இவற்றையெல்லாம் முழு நூலாக அச்செடுக்காமல் மாணவர்களிடம் இணைப்பை மட்டும் கொடுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது உரிமையாளரே எல்லோருக்கும் முன்கூட்டித் தந்துவிடும் பொது அனுமதி, உள்ள நூல் வேறு ரகம். முதல் சில பக்கங்களில் உரிமத்தைச் சில எழுத்துகளால் குறித்திருப்பார்கள். பிஒய் என்றால் எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள், திருத்து, அச்சிடு, விற்கக்கூடச் செய். என்சி சேர்ந்திருந்தால் வணிக நோக்கம் கூடாது. எஸ்ஏ இருந்தால் நீங்கள் திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். என்டி இருந்தால் மாற்றியதைப் பகிரக் கூடாது. தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பதும் மாற்றம்தான், அதனால் உங்களுக்கு அது உதவாது. ஒரே வெளியீட்டாளரிடம்கூட நூலுக்கு நூல், பதிப்புக்குப் பதிப்பு இந்த எழுத்துகள் மாறும். நண்பர் சொன்னார் என்று விட்டுவிடாமல், கையில் இருக்கும் பிரதியைத் திறந்து பாருங்கள்.

திறந்த நூலின் முழுப் பலன் திருத்துவதில்தான் இருக்கிறது. டாலர் கணக்கை எடுத்துவிட்டு ஈரோட்டு மஞ்சள் விலையைப் போடலாம். கோழிப் பண்ணைத் தீவனச் செலவை வைத்து ஒட்டுறவு கற்பிக்கலாம். 450 ரூபாய் புத்தகத்தில் கமா ஒன்றைக்கூட உங்களால் மாற்ற முடியாது.

இதே வசதியை வைத்துப் பிழைக்கிற கூட்டம் ஒன்றும் இருக்கிறது. ஜாக்கிரதையாக இருங்கள். கல்வியாண்டு தொடங்கும்போது பையில் ஸ்பெசிமென் காப்பியோடு ஏஜென்ட் வருவார். "இருநூறு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் சார், இணை ஆசிரியராக உங்கள் பெயரையும் போட்டுவிடுகிறேன், ஐஎஸ்பிஎன் உண்டு, பதவி உயர்வுக்கு உதவும்" என்பார். அப்படி என்னிடம் வந்த ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு கணக்கில் பெட்ரோல் ஒரு காலன் 3 ரூபாய் 50 காசு. அமெரிக்கத் திறந்த நூலில் டாலர் குறியை மட்டும் அழித்து ரூபாய் குறியைப் போட்டிருந்தார்கள். நம் ஊரில் புழங்காத காலன் அளவு அப்படியே நின்றது. மூல ஆசிரியர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பெயரை நீக்கிய அந்த நிமிடமே அது உரிம மீறல். நாளைக்கு யாராவது கேட்டால் அட்டையில் பெயர் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும், ஏஜென்ட் இருக்க மாட்டார். ஐஎஸ்பிஎன் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். நம் நாட்டில் அதை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. அது புத்தகத்துக்கு அடையாள எண், தரச் சான்று அல்ல.

சரி, விற்பனை நூல்களிலிருந்து நாலைந்து பக்கம் நகலெடுத்துக் கொடுக்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றும். கொடுக்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் ஊடாக நகலெடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தொகுத்து அந்தக் கடை மாணவர்களுக்கு விற்றதுதான் வழக்கு. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவு எடுக்கலாம், இத்தனை சதவீதம்தான் என்று சட்டம் எல்லை வைக்கவில்லை என்றது. ஆனால் கவனியுங்கள்: தொகுப்பில் சேர்த்தவை உண்மையிலேயே பாடத்துக்குத் தேவைதானா, முழு நூலையே நகலெடுத்தது சரியா என்ற இரண்டையும் அந்த அமர்வு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் அவற்றுக்கு விடை வராமலே போயிற்று. ஆகவே உங்கள் பாடத்துக்கு வேண்டிய பகுதியை எடுங்கள், எந்த அலகுக்கு எடுத்தீர்கள் என்று பாடக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். 450 ரூபாய் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஜெராக்ஸ் போட்டு வகுப்புக்கே கொடுத்துவிட்டு இந்தத் தீர்ப்பைக் காட்டாதீர்கள்.

இவ்வளவும் ஓர் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து துழாவ வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பாடத்திட்டக் குழுக்கள் ஒவ்வொரு தாளின் அடியிலும் ஏழெட்டு நோக்கு நூல்களை அடுக்குகின்றன. அவற்றில் பாதி நூலகத்தில் இருக்காது. பக்கத்தில் ஒரு திறந்த நூலின் பெயரைச் சேர்க்க என்ன தடை? கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் படிவமோ, புத்தகங்களுக்கும் இதழ்களுக்கும் ஆண்டுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று கேட்கிறது. காசில்லாமல் கிடைக்கும் நல்ல நூலை மாணவர் கையில் சேர்த்த கல்லூரிக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.

துறைத் தலைவரிடம் இலவசமா விலையா என்று வாதாடாதீர்கள். உள்ளூர்ப் புத்தகத்தில் பல்கலைக்கழகத் தேர்வுப் பாணியிலேயே நூற்றுக்கணக்கான கணக்குகள் இருக்கும். பயிற்சிக்கு அது வேண்டும், அதை மறுக்காதீர்கள். பத்துப் பிரதிகளை நூலகத்துக்கு வாங்கிவிடலாம், அறுபது பிள்ளைகளும் ஆளுக்கு 450 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பென்சில் குறித்த அந்த மூன்று வினாத்தாள்களையும், ஈரோட்டு மஞ்சள் கணக்கோடு நீங்கள் திருத்தி அச்செடுத்த முதல் அலகையும், மூல ஆசிரியர் பெயரும் உரிமமும் முதல் பக்கத்திலேயே தெரியும்படி, கொண்டுபோய் அவர் மேசையில் வையுங்கள்.