தேக்குக் கட்டை வளைந்தது ஏன்

ஒரே தேக்குப் பலகையில் நீருக்கடியில் மீன் பிடிக்க 110 செ.மீ. ஈட்டித் துப்பாக்கி செய்து, மேல்பக்கம் மட்டும் கார்பன் ஃபைபர் ஒட்டினேன், இரண்டே மாதத்தில் வளைந்துவிட்டது என்கிறீர்கள். அத்தனை உழைப்பும் போனதே என்று மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த ஒருபக்க ஒட்டுதான் காரணமாக இருக்கும்: மரம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும், கார்பன் அசையாது, கட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அதை நிமிர்த்த மெனக்கெடாதீர்கள். அடுத்ததற்குப் பலகையை நீளவாக்கில் நான்கு பட்டைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு எபாக்சி பசையில் ஒட்டுங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை அதிகம், ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் சரியாகப் பிடிக்காது. கார்பன் போடுவதென்றால் இரண்டு பக்கமும் சமமாகப் போடுங்கள். அப்புறம் ட்ரிக்கர் குழி, ரப்பர் பட்டை நுழையும் துளை இரண்டின் உட்புறமும் எபாக்சி பூசுங்கள், தண்ணீர் அங்கேதான் நுழையும். கார்பனைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.