மின்தூக்கிச் சோதனைக்கு யார் காசு கொடுப்பது?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் புளோக் மின்தூக்கி பல நேரம் தரைக்குச் சமமாக நிற்பதில்லை. மாமியாரின் சக்கர நாற்காலி முன்சக்கரம் இடித்து நின்றுவிடுகிறது. பராமரிப்புக் கட்டணமும் ஏறிவிட்டது. வருடாந்தரச் சோதனையைச் செய்வது அரசாங்கம்தானே, அதற்குத்தான் வரி கட்டுகிறோமே, அப்புறம் நகர மன்றத்துக்கும் எதற்கு? இரண்டு தடவை கொடுக்கிறோமா சார்?”

இல்லை, ஒரு தடவைதான் கொடுக்கிறீர்கள். சிங்கப்பூரில் அரசாங்க அதிகாரி ஒவ்வொரு மின்தூக்கியாக ஏறி இறங்கிச் சோதிப்பதில்லை. 2016 ஜூலை முதல் நடைமுறை இதுதான்: மின்தூக்கி யாருடையதோ அவர்கள், அதாவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் என்றால் நகர மன்றம், தனியார் அடுக்குமாடியான கொண்டோ என்றால் அதன் நிர்வாகக் குழு, பதிவு பெற்ற குத்தகை நிறுவனத்தை வைத்து மாதம் ஒருமுறையாவது பராமரிக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை தகுதி பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும், அவர் சரி என்ற பிறகு கட்டட, கட்டுமான ஆணையத்திடம் இயக்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதி ஓராண்டுக்கு மட்டும். பெட்டிக்குள் அதை மாட்டியிருப்பார்கள், தேதியை ஒருமுறை பாருங்கள். மின்படிகளுக்கும் இதே அனுமதிதான்.

ஆக, சோதனைக் கூலி உங்கள் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகிறது. விதி வகுப்பது, விண்ணப்பங்களைப் பார்ப்பது, சில இடங்களுக்கு நேரில் போய்த் தணிக்கை செய்வது, விபத்து நடந்தால் விசாரிப்பது, இவைதான் ஆணையத்தின் வேலை. இந்த ஏற்பாடு சரி என்றே நினைக்கிறேன். யாருடைய இயந்திரமோ அவர்கள்தான் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும்.

சோதனை என்றால் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்துப் பழகியதைச் சொல்கிறேன். காலிப் பெட்டியை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே மேலே, வேகம் மீறினால் பெட்டியை நிறுத்தவைக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையால் தட்டிவிடுவோம். அடுத்த நொடி பெட்டிக்கு அடியிலுள்ள பிடிகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்வ வேண்டும். அப்புறம் விளக்கை அடித்துப் பார்த்தால் கவ்விய இடம் பளபளவென்று கீறிக் கிடக்கும். இரண்டு பக்கமும் கீறல் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் நான் இறங்கியதே இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழு எடைச் சோதனை. இரும்புக் கட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பெட்டிக்குள் அடுக்குவார்கள், முடியும்வரை மின்தூக்கி ஓடாது, குடியிருப்பாளர்கள் முணுமுணுப்பார்கள். தயவுசெய்து அன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவு இந்தச் சோதனையில் இல்லை, பழைய மின்தூக்கிகளைப் புதுப்பிப்பதில்தான் இருக்கிறது. பொதுப்பணம் நிஜமாக வருவதும் அங்கேதான். 2016 செப்டம்பரில் அரசாங்கம் 450 மில்லியன் வெள்ளித் திட்டம் ஒன்றை அறிவித்தது: நவீனப் பாதுகாப்பு வசதிகள் இல்லாத சுமார் 20,000 வீவக மின்தூக்கிகளை மேம்படுத்த, செலவில் 90 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கும். கதவு திறந்திருக்கும்போது பெட்டி தானாக நகர்ந்தால் நிறுத்தும் கருவி, கதவிடுக்கில் கை இருந்தால் உணரும் அகச்சிவப்புத் திரை, மின்சாரம் போனால் பெட்டியை ஒரு மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் கருவி எல்லாம் அதில் அடங்கும். அடுத்து, 2017 ஏப்ரல் முதல் நகர மன்றங்கள் பழைய மின்தூக்கிகளை மாற்றுவதற்கான நிதிக்கென்று, பராமரிப்புக் கட்டணத்திலும் அதற்கான அரசாங்க மானியத்திலும் குறைந்தது 14 விழுக்காடு ஒதுக்கியாக வேண்டும். கட்டண உயர்வுக்கு இதுவும் ஒரு காரணம். இன்றைக்கு இதைச் சேர்க்காவிட்டால் உங்கள் பிள்ளைகள் தலையில் மொத்தமாக விழும்.

சரி, உங்கள் மின்தூக்கிக்கு வருவோம். பழைய வகை மோட்டாரில் பெட்டியைக் கடைசியில் நிறுத்துவது பிரேக்தான், அதனால் உள்ளே எத்தனை பேர் என்பதைப் பொறுத்து கொஞ்சம் மேலேயோ கீழேயோ நிற்கும், பிரேக் தேய்ந்தால் இன்னும் மோசமாகும். ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த மாடி, ஏறும்போதா இறங்கும்போதா, காலியா கூட்டமா, பள்ளிக்கூட அளவுகோலை வைத்து எத்தனை மில்லிமீட்டர். இதை நகர மன்றத்துக்கு எழுதி, எங்கள் புளோக் எப்போது மேம்படுத்தப்படும் என்றும் கேளுங்கள். “சரியில்லை” என்று மட்டும் சொல்லும் புகாரைவிட இந்த ஒரு தாள் பொறியாளருக்கு எவ்வளவோ உதவும். கதவு திறந்தபடி பெட்டி நகர்ந்தால் மட்டும் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள், உடனே வெளியே வந்து நகர மன்றத்தின் 24 மணி நேர அவசர எண்ணை அழையுங்கள், வேறு யாரையும் ஏற விடாதீர்கள்.

அதுவரை மாமியாரின் நாற்காலியைத் திருப்பி, பெரிய பின்சக்கரம் முதலில் போகும்படி பின்பக்கமாக இழுத்து ஏற்றுங்கள். சின்ன முன்சக்கரம்தான் அந்த விளிம்பில் மாட்டுகிறது.